இலியம் போன பிறகு: ஒரு நடத்துநரின் வயிற்றுப்போக்கு பற்றிய நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 46. வடசென்னைக்காரர், மாநகரப் பேருந்தில் நடத்துநர். இரண்டு வருடமாகத் தினமும் ஏழிலிருந்து ஒன்பது முறை வயிற்றுப்போக்கு என்று வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தார். இரத்தமோ சளியோ இல்லை. தண்ணீராக, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் போகிறது. வந்தால் அடக்க முடிவதில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ராத்திரித் தூக்கத்தையும் கலைத்துவிடுகிறது. எந்த முனையத்தில் கழிவறை திறந்திருக்கும், எந்தப் பெட்ரோல் பங்கில் கேட்டால் உள்ளே விடுவார்கள் என்று தன் வழித்தடம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்தார்.

முந்தைய வரலாறு முக்கியமானது. இந்தத் தொந்தரவு தொடங்குவதற்குச் சற்று முன்பு, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் காசநோய் வந்து குடல் அடைத்துக்கொண்டது. அவசர அறுவை சிகிச்சையில் சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தில் சுமார் 60 சென்டிமீட்டரையும், பெருங்குடலின் வலப்பக்கத்தையும் எடுத்துவிட்டு மீதியை இணைத்தார்கள். காசநோய்க் கிருமிக்கு அந்தச் சந்திப்பு எப்போதும் பிடித்த இடம். அங்கே நிணத் திசு அதிகம், உணவும் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். ஆறு மாத மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் முடித்திருந்தார். இடையில் ஒரு விஷயம்: வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும் என்று காட்டிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று 1990களில் நம் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்ததுதான்.

அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்திருந்தது. காயம் ஆறியது, அடைப்பு தீர்ந்தது, காசநோய் போனது. வயிற்றுப்போக்கு மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பல இடங்களில் பார்த்திருக்கிறார். "தண்ணி சரியில்லை" என்று ஓரிடத்தில், அமீபா என்று இன்னோரிடத்தில், மன உளைச்சலால் வரும் ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல்) என்று மூன்றாவது இடத்தில். அமீபாவுக்கான மெட்ரோனிடசோல் மாத்திரை பலமுறை சாப்பிட்டாகிவிட்டது. குடல் ஓட்டத்தைக் குறைக்கும் லோபரமைடு போட்டால் பணி நேரத்தைச் சமாளிக்கலாம், மறுநாள் சேர்த்து வைத்துப் போகும். காசநோய் திரும்பிவிட்டதோ என்ற பயம் அவரைவிட அவர் மனைவிக்கு அதிகமாக இருந்தது.

துப்பு கிடைத்தது பேச்சில்தான்.

"எப்ப அதிகமா இருக்கு?"

"காலையில டிபன் முடிச்சு அரை மணி நேரத்துல சார். அதுதான் பெரிய தொல்லை. காலை ஷிப்டுன்னா நான் எதுவும் சாப்பிடாமலே ஏறிடுவேன். வெறும் வயிறா இருந்தா நாலு நடை போயிட்டு வந்தாலும் ஒண்ணும் பண்ணாது."

"டீ, வடை?"

"வடை தின்னா முடிஞ்சது கதை."

சாப்பிடாவிட்டால் நின்றுவிடும் வயிற்றுப்போக்கு, எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டால் பாயும் வயிற்றுப்போக்கு, இலியத்தின் கடைசிப் பகுதி இல்லாத குடல். இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், பித்தத்தில் உள்ள அமிலம் பெருங்குடலில் கொட்டுவதால் வரும் பித்த அமில வயிற்றுப்போக்கைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஆனால் நினைத்தவுடன் சிகிச்சையில் இறங்கிவிட முடியாது. காசநோய் இருந்த வயிறு என்பதால் மற்றவற்றை ஒதுக்கியாக வேண்டும்.

பரிசோதனையில் அவர் மெலிந்திருந்தார். எடை 55 கிலோ, உயரத்துக்கான எடைக் குறியீடு 20-க்குச் சற்று மேல். வயிறு மென்மையாக இருந்தது, கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. நாக்கு வழவழப்பாக, சிவந்து இருந்தது. கால் விரல்களில் அதிர்வு உணர்ச்சி குறைந்திருந்தது. கேட்ட பிறகுதான் "ஆமா சார், பாதம் மதமதன்னு இருக்கு, நின்னுட்டே வேலை பாக்குறதாலன்னு நினைச்சேன்" என்றார். ஹீமோகுளோபின் 10.8. சிவப்பணுக்கள் அளவில் பெருத்திருந்தன. வைட்டமின் பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 138 பிகோகிராம், வைட்டமின் டி 14 நானோகிராம்; இரண்டுமே குறைவு. உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., தைராய்டு, சர்க்கரை, எச்.ஐ.வி. எல்லாம் சரி. மலத்தில் கிருமியோ முட்டையோ இல்லை. குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் இயல்பு. கணையம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் எலாஸ்டேஸும் இயல்பு. சி.டி. படத்தில் சுருக்கம் எதுவும் இல்லை. பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் தையல் போட்ட இணைப்பு நன்றாக ஆறியிருந்தது. அங்கிருந்தும் மீதிப் பெருங்குடலிலிருந்தும் எடுத்த திசுத் துணுக்குகளில் காசநோய்க்கான அடையாளமோ நுண் அழற்சியோ இல்லை. சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் குளுக்கோஸ் மூச்சுப் பரிசோதனையும் எதிர்மறை.

பித்த அமிலம் வீணாவதை நேரடியாக அளக்க ஐரோப்பாவில் 'செஹ்கேட்' என்ற ஸ்கேன் இருக்கிறது. கதிரியக்க செலினியம் ஒட்டிய செயற்கைப் பித்த அமிலத்தை விழுங்கச் செய்து, ஏழாம் நாள் உடலில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வீணாகிறது என்று பொருள். இங்கே அது ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்துச் செய்துகொள்ளும் பரிசோதனை அல்ல. மருந்து கொடுத்துப் பார்ப்பதுதான் நடைமுறை.

காணாமல் போனது உறிஞ்சும் இடம் மட்டுமல்ல

பாடப்புத்தக விளக்கம் சுருக்கமானது. கல்லீரல் சுரக்கும் பித்த அமிலம் கொழுப்பைக் கரைக்க உதவிவிட்டு, சுமார் 95 சதவீதம் இலியத்தின் கடைசியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. உடலில் இருக்கும் சில கிராம் இருப்புதான் ஒரு நாளில் பலமுறை சுற்றி வருகிறது. இலியம் போனால் உறிஞ்ச இடமில்லை, அமிலம் பெருங்குடலில் கொட்டுகிறது, தண்ணீராகப் போகிறது. குடல் ஆராய்ச்சியாளர் ஆலன் ஹாஃப்மேன் 1967-லேயே இதை விவரித்துவிட்டார். பி12 உறிஞ்சப்படுவதும் அதே இடத்தில்தான் என்பதால் அதுவும் சேர்ந்து குறைகிறது.

இந்த விளக்கம் சரிதான். ஆனால் பாதிதான். இலியம் உறிஞ்சும் குழாய் மட்டும் இல்லை, என்ன வந்து சேர்ந்திருக்கிறது என்று உணர்ந்து மேலே தகவல் அனுப்பும் உறுப்பு அது. நம் நோயாளியிடம் இழப்பு அதிகம் இந்தப் பக்கத்தில்தான் என்பது என் கருத்து.

குடலின் உட்சுவரில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் ஹார்மோன் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் மேற்பரப்பில் உணவை அடையாளம் காணும் ஏற்பிகள் நிறைய. நீள் சங்கிலிக் கொழுப்பு அமிலத்துக்கு ஜி.பி.ஆர்-40, ஜி.பி.ஆர்-120. கொழுப்பு செரித்து வரும் வேறு துண்டுகளுக்கு ஜி.பி.ஆர்-119. புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களுக்குக் கால்சியம் உணரும் ஏற்பி. பாக்டீரியா நார்ச்சத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் குறுஞ்சங்கிலி அமிலங்களுக்கு ஜி.பி.ஆர்-41, 43. பித்த அமிலத்துக்கு டி.ஜி.ஆர்-5. இவற்றில் பலவற்றுக்கு எந்தப் பொருளோடு பொருத்தம் என்பதே 2002-க்குப் பிறகுதான் தெரிந்தது.

சிறுகுடலின் தொடக்கத்தில் இருக்கும் செல்கள் வடையின் எண்ணெயை உணர்ந்தவுடன் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை விடுகின்றன. பித்தப்பை சுருங்கிப் பித்தம் இறங்குகிறது. இதெல்லாம் நம் நோயாளியிடம் ஒழுங்காக நடக்கிறது. ராத்திரி முழுக்கப் பித்தப்பையில் சேர்ந்திருப்பது காலை டிபனோடு மொத்தமாக இறங்கும் என்பதால்தான் அவருக்குக் காலை நேரம் அவ்வளவு மோசம்.

கீழ்முனையில் நடக்க வேண்டியதுதான் நடக்கவில்லை. வழக்கமாக, செரிக்காத கொழுப்பு கொஞ்சம் இலியம் வரை வந்துவிட்டால் அங்குள்ள எல்-செல்கள் என்ற ஹார்மோன் செல்கள் ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய். என்ற ஹார்மோன்களை விட்டு, வயிறும் மேல் சிறுகுடலும் நகரும் வேகத்தைக் குறைக்கும். 1984-ல் மனிதர்களின் இலியத்துக்குள் நேரடியாகக் கொழுப்பைச் செலுத்திப் பார்த்து உறுதிசெய்த விஷயம் இது. மருத்துவத்தில் இதற்கு 'இலியல் பிரேக்' என்று பெயர். நோயாளிக்கு நான் இதை அவர் தொழிலை வைத்தே சொன்னேன்: "நீங்க விசில் ஊதினாத்தான் டிரைவர் நிறுத்துவார். உங்க குடல்ல கண்டக்டரை இறக்கிவிட்டுட்டாங்க." நன்றாகச் சிரித்தார். அப்புறம் நான் சொன்ன எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார்.

இன்னொரு தகவலும் அறுந்திருக்கிறது. இலிய செல்லுக்குள் நுழையும் பித்த அமிலம் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. இது பித்த அமிலத்துக்கான ஏற்பி என்பது 1999-ல் தெரிந்தது. அதன் விளைவாக எஃப்.ஜி.எஃப்-19 என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து கல்லீரலிடம் "போதும், மேலும் தயாரிக்காதே" என்று சொல்கிறது. இலியம் போனால் அந்தச் சொல்லும் போகிறது. கல்லீரல் தயாரித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது முழுக்கப் பெருங்குடலுக்கு வந்து, அங்கு இன்னும் இருக்கும் டி.ஜி.ஆர்-5 ஏற்பிகளைத் தட்டி, நீரைச் சுரக்கவைத்துக் குடலை வேகமாக இயக்குகிறது. வேண்டிய ஏற்பிகள் வெட்டிய துண்டோடு போய்விட்டன, தொல்லை தரும் ஏற்பி மீதிக் குடலில் பத்திரமாக இருக்கிறது.

சிகிச்சை

எடுத்த இலியம் சுமார் ஒரு மீட்டருக்குள் இருந்தால் கல்லீரல் கூடுதலாகத் தயாரித்து ஈடுகட்டிவிடும். கொழுப்பு ஓரளவு செரிக்கும், பிரச்சினை பித்த அமிலம் கொட்டுவதுதான். அப்போது அதைக் குடலிலேயே பிடித்துவைக்கும் கொலஸ்டிரமைன் என்ற பிசின் தூள் நன்றாக வேலை செய்யும். ஒரு மீட்டருக்கு மேல் போயிருந்தால் கல்லீரலால் ஈடுகொடுக்க முடியாது. மலத்தில் கொழுப்பே போகத் தொடங்கும், அங்கே இதே தூள் நிலைமையைக் கெடுக்கும். ஆகவே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த அந்த '60 செ.மீ.' என்ற ஒரு வரிதான் என் மருந்துச் சீட்டைத் தீர்மானித்தது. குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட யாராக இருந்தாலும் எதை எவ்வளவு நீளம் எடுத்தார்கள் என்ற தாளை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

நாள் ஒன்றுக்கு 4 கிராம் சாஷே, காலை டிபனுக்குச் சற்று முன்பு. பித்தப்பை மொத்தமாகக் காலியாகும் நேரம் அதுதான். தூள் மணல் மாதிரி இருக்கும், வெறும் தண்ணீரில் யாரும் விரும்பிக் குடிக்கமாட்டார்கள். நீர்மோரில் கலந்து குடிக்கலாம் என்று அவர் மனைவி கண்டுபிடித்தார். இது மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவற்றை ஒரு மணி நேரம் முன்போ, நாலைந்து மணி நேரம் கழித்தோதான் எடுக்க வேண்டும். வைட்டமின் டி-யை ராத்திரிக்கு மாற்றினோம். பி12 ஊசி: முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று. இனி வாழ்நாள் முழுக்க அது வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னேன். "தெம்பு வந்துடுச்சு" என்று நிறுத்திவிடுவது வழக்கம் என்பதால்தான் அவ்வளவு அழுத்தம்.

மூன்றாம் நாளே எண்ணிக்கை நான்காகக் குறைந்தது. முதல் வாரக் கடைசியில் இரண்டு நாள் மலமே போகவில்லை, வயிறு உப்பியது. அவர் பயந்து மருந்தை நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்த பலர் இதை ஒத்துழைப்பின்மை என்று எழுதுவார்கள். குடல் அடைத்து அறுவை மேசைக்குப் போன மனிதருக்கு வயிறு உப்பினால் என்ன ஞாபகம் வரும்? படம் எடுத்து அடைப்பு இல்லை என்று காட்டி, அரை சாஷேவில் மறுபடி தொடங்கினோம். இரண்டு வாரத்தில் முழு சாஷேவுக்கு வந்தார். நடை வாரியாகக் கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால் மலக் கணக்கையும் நேரம் போட்டு, என்ன சாப்பிட்டார் என்பதோடு எழுதிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மட்டும் எண்ணிக்கை எகிறியது. பிரியாணி. அதை விடச் சொல்லவில்லை. பிரியாணி நாளில் சாப்பிடும் முன் கூடுதலாக அரை சாஷே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மற்ற நாட்களில் எண்ணெயைக் குறைத்து, மூன்று பெரிய வேளையை ஐந்து சின்ன வேளையாகப் பிரித்துக்கொண்டார். மேல்குடல் உணர்வியை ஒரே அடியாகத் தூண்டாமல் இருக்க இது எளிய வழி.

"அந்த ஊசி போட்டா என்ன சார்?"

இரண்டாவது மாதம் அவருடைய அக்கா மகன் கூட வந்தான். எடை குறைக்கும் ஊசி வயிற்றின் வேகத்தைக் குறைக்கும் என்று எங்கோ படித்திருக்கிறான். மாமாவுக்கு அதைப் போட்டால் தூள் குடிக்க வேண்டாமே என்று கேட்டான். கேள்வி நல்ல கேள்வி. லிராகுளுடைடு என்பது ஜி.எல்.பி-1 போலவே செயல்படும் மருந்து. இலியம் அனுப்ப வேண்டிய தகவலை ஊசி வழியாக அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். 2022-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில் பித்த அமில வயிற்றுப்போக்கு உள்ள 52 பேரில் பாதிப் பேருக்கு லிராகுளுடைடும் மீதிப் பேருக்குக் கொலஸ்டிரமைனின் உறவினரான கொலிசெவிலமும் ஆறு வாரம் கொடுத்தார்கள். மலப்போக்கு கால் பங்காவது குறைந்தவர்கள் ஊசிக் குழுவில் 77 சதவீதம், பிசின் குழுவில் 50 சதவீதம்.

எண்கள் கவர்ச்சியாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் காரணம் தெரியாமலோ பித்தப்பை எடுத்த பிறகோ இந்நோய் வந்தவர்கள். இலியத்தை வெட்டியவர்கள் இல்லை. அதோடு 55 கிலோ எடையுள்ள, இன்னும் கொஞ்சம் சதை பிடிக்க வேண்டிய ஒருவருக்குப் பசியைக் குறைக்கும் மருந்தை நான் முதலில் எடுக்கமாட்டேன். பிசின் வேலை செய்யாவிட்டாலோ, நோயாளி குண்டாக, சர்க்கரையோடு இருந்தாலோ என் பதில் வேறாக இருக்கும்.

இதே எல்-செல்கள் சுரக்கும் ஜி.எல்.பி-2-ஐப் போல் செய்த டெடுகுளுடைடு 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது குடல் மிகவும் குட்டையாகி, இரத்தக்குழாய் வழியாக ஊட்டம் ஏற்றவேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கானது. நம் நோயாளி அந்தக் கட்டத்தில் இல்லை.

எஃப்.எக்ஸ்.ஆர்.-ஐத் தூண்டும் ஒபெடிகோலிக் அமிலம் இன்னும் சுவாரசியமானது. எஃப்.ஜி.எஃப்-19-ஐ உயர்த்தி, கல்லீரலின் தயாரிப்பை அடக்கி, இந்த வயிற்றுப்போக்கைக் குறைக்கும் என்று சிறிய ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த ஏற்பி இவரிடம் எங்கே மிச்சம் இருக்கிறது? குடலில் அது முக்கியமாக வேலை செய்யும் இடமே வெட்டப்பட்டுவிட்டது. போதாததற்கு, கல்லீரல் பாதிப்பு எச்சரிக்கைகளுக்குப் பிறகு 2025-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அந்த மருந்தைத் தயாரிப்பாளரே விலக்கிக்கொண்டார்.

உணவறியும் ஏற்பிகளைக் குறிவைத்த மருந்துகள் பலவும் இப்படித்தான் எங்காவது தடுக்கியிருக்கின்றன. ஜி.பி.ஆர்-40-ஐத் தூண்டி இன்சுலினை உயர்த்தும் ஃபாசிகிளிஃபாம் சர்க்கரை நோய்க்கான கடைசிக்கட்டச் சோதனை வரை வந்து, 2013 டிசம்பரில் கல்லீரல் பாதிப்பால் கைவிடப்பட்டது. ஜி.பி.ஆர்-119 மருந்துகள் எலியிடம் காட்டிய பலனை மனிதரிடம் காட்டவில்லை. அதனால்தான் இப்போது இரத்தத்தில் கலக்காமல் குடலுக்குள்ளேயே வேலையை முடித்து வெளியேறும் மருந்துகளைத் தேடுகிறார்கள். வேலை குடலில் என்றால் மருந்து ஏன் கல்லீரலுக்குப் போக வேண்டும்? கொலஸ்டிரமைன் இரத்தத்தில் கலப்பதே இல்லை. அறுபது வருடப் பழைய தூள் இந்த ஒரு விஷயத்தில் புதிய மருந்துகளுக்கு முன்னால் நிற்கிறது.

பழைய சோறு

கடைசியாக அவரே சொன்ன ஒன்று. வேறு எது சாப்பிட்டாலும் ஓட வேண்டியிருந்த காலத்திலும் பழைய சோறும் மோரும் அவரைத் தொந்தரவு செய்ததில்லையாம். இதில் எவ்வளவு அறிவியல்?

கொழுப்பு கிட்டத்தட்ட இல்லாத உணவு, பித்தப்பை பெரிதாகச் சுருங்காது. என் கணக்கில் பெரும்பங்கு இதுதான். இரண்டாவது, வடித்து ஆறவைத்த சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாவால் குறுஞ்சங்கிலி அமிலமாகிறது. அந்த அமிலங்கள் உறிஞ்சப்படும்போது உப்பும் தண்ணீரும் கூடவே உள்ளே போகும். வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் காலரா நோயாளிகளுக்கான உப்பு-சர்க்கரைக் கரைசலில் இந்த வகை மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்து, வயிற்றுப்போக்கு சீக்கிரம் நிற்பதைக் காட்டி 2000-ல் வெளியிட்டார்கள். அது சோளத்திலிருந்து எடுத்த மாவு, லிட்டருக்கு 50 கிராம். ஒரு கிண்ணம் பழைய சோற்றில் அந்த அளவு வராது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் இரைப்பை குடல் அறுவை சிகிச்சைத் துறையும் பழைய சோற்றைக் குடல் நோய்களுக்காக ஆராயத் தொடங்கியது. அதற்குள் அதை மருந்து என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம். அவருக்கு ஒத்துக்கொள்கிறது, இடது பெருங்குடல் இருக்கிறது, ஆகவே காலையில் இட்லிக்குப் பதில் வாரம் நாலு நாள் அதையே சாப்பிடச் சொன்னேன். தூளோடுதான், தூளுக்குப் பதிலாக அல்ல.

நான்கு மாதம் கழித்து

நாளுக்கு இரண்டு, மூன்று முறை, பெரும்பாலும் உருவான மலம். ராத்திரி எழுவதில்லை. எடை 58 கிலோ. ஹீமோகுளோபின் 12.6. பாதத்து மதமதப்பு குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. பி12 குறைவு நரம்பில் ஏறிவிட்டால் அது மெதுவாகத்தான் இறங்கும், சிலருக்குக் கொஞ்சம் தங்கியும் விடும். காலை ஷிப்டுக்கு இப்போது சாப்பிட்டுவிட்டு ஏறுகிறார்.

ஒரு தடவை தூள் தீர்ந்து, கடையில் வர நான்கு நாள் ஆனது. இரண்டாம் நாளே பழைய எண்ணிக்கை திரும்பியது, தூள் வந்ததும் குறைந்தது. செஹ்கேட் செய்ய முடியாத இடத்தில் நோயை உறுதிசெய்யும் சான்றாக நான் அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

கொலஸ்டிரமைன் நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறலாம், கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் குறையலாம், வைட்டமின் கே குறைந்தால் இரத்தம் உறைவது தாமதமாகும். அவருடைய டிரைகிளிசரைடு 118, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.1, வைட்டமின் டி 29. பி12 ஊசி இனி மாதம் ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த இரத்தப் பரிசோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று எழுதிக்கொடுத்து, அடுத்த தேதியை அவருடைய வார விடுமுறை நாளில் போட்டிருக்கிறோம்.